கரும்பு ரயிலும் தாய்மாமன் மடியும்

அந்தத் தீவின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்கள் போனை எடுத்துத் தேடுவீர்கள். தேடினால் என் தம்பி வருவான். ஊர் உலகமெல்லாம் அவனைப் பார்த்தது போதும்.

கடலுக்கு நடுவில் ஒரு மலை, மலையைச் சுற்றிக் கரும்பு. அவ்வளவுதான் தீவு. வெட்டிய கரும்பை ஆலைக்கு இழுத்துப் போக வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு குட்டி ரயில் பாதை போட்டிருக்கிறார்கள். கரும்பு வெட்ட நம் பக்கத்து ஆட்களைத்தான் கப்பலில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஆலையை மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. தண்டவாளம் மட்டும் கிடந்தது. அதில் சிவப்புப் பெயின்ட் அடித்த நாலு பெட்டிகளை ஓடவிட்டு, சுற்றுலாக் கப்பலில் வந்து இறங்குகிறவர்களை ஏற்றிச் சுற்றிக் காட்டுகிறார்கள். பாரம்பரிய ரயில் என்று அதற்குப் பெயர். இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் கரும்பு, கையில் பழச்சாறு. நான் போய்ப் பார்த்ததில்லை. எல்லாம் போனில் பார்த்ததுதான்.

நான் திருமயத்தில் பத்திரம் எழுதுகிற ஒருவரிடம் டைப் அடிக்கிறேன். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை அடுத்தவர் நிலத்துக்கு நாலு பக்கமும் எல்லை எழுதுவேன். ஆபீஸுக்கு வருகிறவர்கள் எனக்குத்தான் பயப்படுகிறார்கள் என்று எங்கள் முதலாளி சொல்வார். இருக்கலாம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வீட்டுக்காரர் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார்; அவர் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை வரும். எங்களுக்கு ஒரே மகள். அப்பாவும் எங்களோடுதான் இருக்கிறார்.

அப்பா ரயில்வேயில் கேங்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவர். புதுக்கோட்டைக்கும் காரைக்குடிக்கும் நடுவே தண்டவாளத்தோடு நடந்து நடந்து வெயிலில் கறுத்த மனிதர். அம்மா, தம்பி பள்ளிக்கூடத்தில் சேர்வதற்கு முன்பே இறந்துபோய்விட்டாள். அதற்குப் பிறகு அவனுக்குத் தலைவாரிவிட்டது, சோறு ஊட்டியது, முதுகில் நாலு சாத்தியது எல்லாம் நான்தான். மகனையும் ரயில்வேயில் பார்த்துவிட வேண்டும் என்பது அப்பாவின் ஒரே ஆசை. அவனும் ஐடிஐ ஃபிட்டர் படித்துவிட்டு ரயில்வே பரீட்சையாக எழுதித் தள்ளினான். ஒன்றும் கிடைக்கவில்லை. அப்போதுதான் ஒரு ஏஜென்ட் இந்தத் தீவு வேலையைச் சொன்னான். நீராவி எஞ்சின், அடுப்பில் கரி அள்ளிப் போடுகிற வேலை, பழகினால் டிரைவராகலாம் என்றான். அப்பாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் வடை வாங்கிக் கொடுத்து, "எம்மவனும் ரயில்வேதான்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அவன் கிளம்பும்போது என் மகள் கைக்குழந்தை. தலைகூட நிற்கவில்லை. திருச்சி ஏர்போர்ட் வாசலில் அவளை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, இவளுக்கு முடி எறக்கிக் காது குத்துறது என் மடியிலதான். நான் வாற வரைக்கும் வேற எவன் மடியிலயும் ஒக்கார வச்சிராத."

"ரெண்டு வருசத்துல வந்துருவேல்ல?"

"வராம? லீவு குடுப்பான்க்கா."

"வராட்டி ஒன் காலை ஒடிச்சுப்புடுவேன்."

சிரித்துக்கொண்டே உள்ளே போனான். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குப் பிறந்த முடியை இறக்கிக் காது குத்த வேண்டும் என்பது எங்களுக்கெல்லாம் எழுதாத சட்டம். அவனைப் பெறாமல் வளர்த்தவள் நான். என் பிள்ளைக்கு அவன் மடி கிடைக்காமல் வேறு யாருக்குக் கிடைக்கும் என்று நான் அன்றைக்குத் தைரியமாகத்தான் வீடு திரும்பினேன்.

முதல் வருடங்கள் நன்றாகத்தான் இருந்தன. எஞ்சினுக்குப் பக்கத்தில் முகமெல்லாம் கரியாக நின்று போட்டோ அனுப்புவான். சுற்றுலாக்காரர்கள் எடுத்துப் போடுகிற வீடியோக்களிலும் அவன் தலை தெரியும். எஞ்சினிலிருந்து எட்டிப் பார்த்துக் கை காட்டுவான். என் மகளுக்குப் பேச்சு வந்தபோது அம்மா, அப்பா, அடுத்தது "கூ". ரயில் கூவுவதும் மாமாவும் அவளுக்கு ஒன்றுதான். கொஞ்சம் எழுத்துப் பழகியதும் அந்த ரயிலின் இங்கிலீஷ் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டித் தானே தேடி எடுப்பாள். புதிதாக எந்த வீடியோ வந்தாலும் வீட்டில் முதலில் அவள்தான் பார்ப்பாள்.

"அம்மா, மாமா கை காட்டுறாரு."

"ஊருக்கே காட்டுறாருடி."

"இல்ல. எனக்குத்தான்." திருப்பி இவளும் போனைப் பார்த்துக் கை காட்டுவாள்.

இரண்டு வருடம் முடிந்ததும் லீவு கேட்டான். இப்போது கப்பல் வருகிற சீசன், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்களாம். அடுத்த வருடம் கேட்டான். அதற்கு முன்னால் லீவில் ஊருக்குப் போன நாலு பேரைக் கம்பெனி திரும்பக் கூப்பிடவில்லை என்று தெரிந்து இவனே கேட்டதை வாபஸ் வாங்கிக்கொண்டான். "வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம், வந்து சேரு" என்று கத்தினேன். "வந்து என்னக்கா பண்ண? அப்பாவுக்குப் பக்கத்துல ஒக்காந்து ரயிலை வேடிக்க பாக்கவா?" என்றான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "பாஸ்போர்ட்ட கம்பெனிக்காரன் வாங்கி வச்சிருக்கான்க்கா. நெனச்சப்பல்லாம் வர முடியாது" என்றான். அதற்குமேல் நான் என்ன கத்துவது?

ஒரு நாள் என் நாத்தனார் போனை நீட்டினாள். அவளுக்கு வாயில் சர்க்கரை, கையில் ஊசி. "அண்ணி, இது ஒங்க தம்பி மாதிரி இல்ல?"

கரும்புக் காட்டுக்கு நடுவே மேட்டில் ஒரு சின்ன ஸ்டேஷன். கீற்றுக் கொட்டகை. அதன் முன்னால் வெற்றுடம்பும் முழங்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டிய அழுக்கு வேட்டியும் தலையில் துண்டுமாக ஒருவன், கரும்பு வெட்டுகிற கத்தியோடு நிற்கிறான். ரயிலிலிருந்து இறங்கியவர்கள் அவன் தோளில் கை போட்டுப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். என் தம்பிதான்.

"என்னடா வேசம் இது?" என்று போனில் கேட்டேன்.

"பழைய எஞ்சின் பாய்லர் போயிருச்சுக்கா. இப்ப பின்னாடி டீசல் எஞ்சின வச்சுத் தள்ளுறாங்க. முன்னாடி சும்மா பொகை விடுறாங்க, கூவுறது ஸ்பீக்கர்ல வருது. கரி அள்ளுறவனுக்கு வேல இல்ல. அந்தக் காலத்துல வந்த ஆளுங்க போட்டோவ ஸ்டேஷன்ல மாட்டியிருக்காங்க. என் மூஞ்சி அப்படியே அதுல இருக்குற மாதிரி இருக்குன்னு மேனேஜர் சொன்னாரு. அதான் இந்த வேல."

"வேட்டிய தொவைக்கக்கூட மாட்டியாடா?"

"புது வேட்டிதான்க்கா. டீத்தண்ணில முக்கி அழுக்காக்கிக் குடுக்குறாங்க."

அதற்குச் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா அந்த வீடியோவை ஒரு தடவைதான் பார்த்தார். "இது ரயிலா? கல்யாண மண்டபத்து டெக்கரேசன். வேசங்கட்டிக்கிட்டு நிக்கிறான்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். அன்றிலிருந்து மகனோடு பேசவில்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கும் போகவில்லை. ஹைவேயைத் தாண்டி, தெரிந்தவர்கள் வராத ஒரு கடைக்கு நடந்து போய் டீ குடித்துவிட்டு வருவார்.

பெரியவர்கள் மானம் ஒரு பக்கம் இருக்கட்டும். இதற்கெல்லாம் நடுவில் என் மகளுக்கு முடி வளர்ந்துகொண்டே இருந்தது. பிறந்த முடியைச் சாமிக்குக் கொடுக்காமல் நுனியைக்கூட வெட்டக் கூடாது. இடுப்புக்குக் கீழே வந்துவிட்டது. வெயில் காலத்தில் மண்டையெல்லாம் கொப்புளம், பேன் வேறு. தலைவாரும்போது அவளும் அழுவாள், நானும் அழாத குறை. பள்ளிக்கூடத்தில் வகுப்பு முழுக்கத் தோடு போட்ட பிள்ளைகள். இவளை மூளிக்காதி என்று கூப்பிட்டார்கள். ஒரு நாள் வெள்ளைச் சுண்ணாம்பை இரண்டு காதிலும் பொட்டாக வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். நான் துடைக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டாள்.

நாத்தனார் சும்மா இருப்பாளா? "ஒங்க தம்பி வாறதுக்குள்ள இவ சடங்காயிருவா அண்ணி" என்றாள். மணமேல்குடியில் என் பெரியப்பா மகன் இருக்கிறார், இறால் பண்ணையில் வேலை. "நானும் தாய்மாமன்தானத்தா, எனக்கும் மடி இருக்கு" என்று நல்ல மனதோடு சொன்னார். ஊரில் அப்படிச் செய்வது வழக்கம்தான். நான் முடியாது என்றேன். சொன்ன வார்த்தை என்று ஒன்று இருக்கிறதா இல்லையா? அதைவிட, அவர் மடியில் இவளை உட்கார வைத்துவிட்டால் தம்பி இனி வருவதற்கு ஒரு காரணம்கூட மிச்சம் இருக்காது என்று எனக்குப் பயம். பிள்ளையின் முடியைக் கயிறாகப் பிடித்துக்கொண்டு அவனை இழுத்துக்கொண்டிருந்தேன்.

காது குத்துவது ஒற்றைப்படை வயதில்தான். ஒன்று போனது, மூன்று போனது, ஐந்தும் போனது. ஏழாவது வயது முடியப் போகும்போது வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "இந்த ஆவணில முடிச்சிருவோம். புள்ள பாவம்." அவர் சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை. தம்பியைக் கூப்பிட்டுத் தேதியைச் சொன்னேன்.

"அன்னைக்குப் பெரிய கப்பல் வருதுக்கா. ஒரு மணி நேரம் கேட்டாலும் தரமாட்டாங்க" என்றான். "ஆனா ரயிலு மேட்டு ஸ்டேஷனுக்கு வாறதுக்கு முன்னாடி எங்களுக்குச் சும்மாதான். அங்க சிக்னல் கிடைக்கும். நான் போனுக்கு முன்னாடி சம்மணம் போட்டு ஒக்காந்துக்கிறேன். அங்கிட்டு என் வேட்டிய மடிச்சுப் போட்டு அதுல பாப்பாவ ஒக்கார வையி. அது என் மடிதான்னு நெனச்சுக்க."

அப்பா பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "போன்ல மடி ஏது ஆத்தா?" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

வீட்டுக்காரரின் குலசாமி குளத்தூர்ப் பக்கம், வேலமரங்களுக்கு நடுவே ஓர் ஐயனார். என் கல்யாணத்துக்குத் தம்பி கட்டியிருந்த பட்டுக்கரை வேட்டி பெட்டியில் இருந்தது. எடுத்துக்கொண்டு போய் மடித்து மணைமேல் போட்டேன். முடி இறக்குகிறவர் வந்து என் மகளின் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, சவரியா?" என்றார். அத்தனை வருடத்து முடி, உள்ளே சிக்கு. முதலில் கத்தரியால் வெட்டி, அப்புறம் தண்ணீர் விட்டு ஊறவைத்து இறக்க நேரமாகிவிட்டது. கூந்தல் தன் மடியில் விழ விழ அவள் கோயில் அதிர அழுதாள். அங்கே தம்பி காத்துக்கொண்டிருந்தான். வீட்டுக்காரர் கையில் இருந்த போனில் அவன் முகம் வருவதும் உறைவதுமாக இருந்தது. "சீக்கிரம்க்கா, சீக்கிரம்க்கா" என்றான்.

மொட்டை போட்டுக் குளிப்பாட்டிச் சந்தனம் பூசிக் கூட்டிவந்தால் மணையில் உட்கார மாட்டேன் என்று நின்றாள்.

"வேட்டி வேணாம். மாமா மடி வேணும்."

"இதுதாண்டி மாமா மடி."

"பொய் சொல்லாத."

தூக்கி உட்கார வைத்தால் விறைத்துக்கொண்டு நழுவினாள். ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். நாத்தனார், "நல்லாருக்கு கூத்து" என்றாள். எனக்கு அவளை அறையலாம் போல இருந்தது, பிள்ளையையும் அறையலாம் போல இருந்தது, நானே தரையில் புரண்டு அழலாம் போலவும் இருந்தது.

அப்பா அதுவரை தள்ளிப்போய் மண் குதிரைகளுக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். விறுவிறு என்று எழுந்து வந்தார். "குடுங்க இங்கிட்டு" என்று மாப்பிள்ளையிடம் போனை வாங்கிக்கொண்டு மணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எவ்வளவோ நாளைக்குப் பிறகு மகன் முகத்தை நேரே பார்த்தார்.

"அப்பா" என்றான் தம்பி.

"கூனாத. நல்லாச் சம்மணம் போட்டு நேரா ஒக்காரு. புள்ள ஒக்காரப் போறா."

அவன் முதுகை நிமிர்த்தினான். அந்த டீத்தண்ணி வேட்டியை இழுத்துவிட்டு இரண்டு கையாலும் மடியை விரித்துக் காட்டினான். "வாடி தங்கம், மாமா மடிக்கு வா." என் மகள் அழுகையை நிறுத்திவிட்டுப் போனையே பார்த்தாள். பிறகு தானாகவே ஏறி வேட்டிமேல் உட்கார்ந்துகொண்டாள்.

பெண் பிள்ளைக்கு இடது காதுதான் முதலில். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். ஊசி இறங்கியதும் வீல் என்று கத்தினாள். "அழுவாத, அழுவாத, மாமா இருக்கேன்ல" என்று அவன் குரல் கேட்டது. அதற்குப் பின்னால் அந்த ஸ்பீக்கர் கூவல். ஏதேதோ சத்தம். அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. என் கைகள் பிள்ளையின் தலையில், அவள் கண்ணை இறுக்கி மூடியிருந்தாள், போன் திரை அப்பாவுக்கு மட்டும்தான் தெரிந்தது.

"அப்பா, தம்பி இருக்கானா?"

அப்பா போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இருக்கான். பாத்துக்கிட்டுத்தான் இருக்கான். நீங்க குத்துங்க ஆசாரி."

வலது காதையும் குத்தினார்கள். சாயங்காலம் தம்பியிடமிருந்து மெசேஜ் வந்தது. ரெண்டு காதும் பாத்தேன்க்கா, பாப்பா கெட்டிக்காரி, அப்பா என்கூடப் பேசிட்டாரு. அதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "ம்" என்றார். மறுநாள் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் போய்விட்டு வந்தார். என் மகள் மொட்டைத் தலையும் இரண்டு தோடுமாகப் பள்ளிக்கூடம் போய், மாமா மடியில் உட்கார்ந்து குத்தியது என்று எல்லோரிடமும் சொன்னாளாம். போனிலா என்று எவனோ சிரித்ததற்கு அவனைக் கிள்ளிவிட்டு வந்தாள். அந்தக் கொஞ்ச நாள் நான் நிம்மதியாக இருந்தேன். உள்ளபடியே சொல்கிறேன், சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அப்பா வாசல் பக்கம் நாற்காலியில் இருந்தார். "அம்மா, மாமா ஒக்காந்துருக்காரு பாரு" என்று மகள் போனோடு ஓடிவந்தாள்.

யாரோ ஒரு சுற்றுலாக்காரர் ரயில் பெட்டியிலிருந்தே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். ரயில் மெல்ல மேட்டு ஸ்டேஷனுக்குள் நுழைகிறது. கொட்டகைக்கு முன்னால் தரையில் என் தம்பி சம்மணம் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறான். எதிரே கரும்புக் கட்டில் சாய்த்து வைத்த போன். அதற்குள் குட்டியாக ஒரு சந்தன மொட்டை. "அம்மா, அது நானு!" என்று இவள் குதித்தாள்.

ரயில் நிற்கிறது. ஆட்கள் இறங்குகிறார்கள். அந்தப் போன் இருண்டுவிடுகிறது. தம்பி சட்டென்று குனிந்து அதைத் தட்டுகிறான், மறுபடி தட்டுகிறான். வெளிச்சம் வரவில்லை. சுற்றிலும் கால்கள் வந்துவிட்டன. அவன் போனை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்கிறான். இடது கையை வெறும் மடியைச் சுற்றி வளைத்துக்கொள்கிறான். வலது உள்ளங்கையைப் பிள்ளையின் கண் இருக்க வேண்டிய உயரத்தில் பொத்தினாற்போல வைத்துக்கொள்கிறான். தன் கண்ணையும் மூடிக்கொள்கிறான். உதடு அசைகிறது. அழுவாத, அழுவாத.

சுற்றி நின்றவர்கள் கை தட்டுகிறார்கள். தொப்பி போட்ட ஒருவர், அந்த மேனேஜர்தான் போலிருக்கிறது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு கோபமாக வருகிறார். தம்பி கண்ணைத் திறந்து அவரைப் பார்த்து, "பார்ட் ஆஃப் தி ப்ரோகிராம், சார்" என்கிறான். இதுவும் நிகழ்ச்சியில் ஒன்றுதானாம். அவர் முகம் மாறிவிடுகிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள். அப்போது ஓர் அம்மாள், மஞ்சள் கவுன் போட்ட தன் மகளைத் தூக்கி அந்த மடியில் உட்கார வைக்கிறாள். போட்டோவுக்கு. இவள் வயதுதான் இருக்கும். தம்பி ஒரு கணம் அந்தப் பிள்ளையைப் பார்க்கிறான். பிறகு மடியைச் சரியாக்கிப் பிள்ளை விழாமல் பிடித்துக்கொள்கிறான். கேமராவைப் பார்த்துக் கை காட்டுகிறான்.

என் மகள் அழவில்லை. விரலால் பின்னால் தள்ளி, போன் இருண்டுபோகிற இடத்துக்குத் திரும்பப் போனாள். அதை மட்டும் மறுபடி மறுபடி பார்த்தாள்.

"இது குத்தும்போது மாமா இருந்தாரு" என்று இடது காதைத் தொட்டாள். வலது காதைத் தொட்டு, "இதுக்கு இல்ல" என்றாள்.

"இருந்தாருடி. தாத்தா பாத்தாங்கல்ல?"

அவள் வாசலுக்குப் போனாள். "தாத்தா, அன்னைக்குப் போன் அணைஞ்சு போச்சா?"

அப்பா தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த துண்டை முகத்திலிருந்து எடுக்கவே இல்லை. எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

நான் யாரைத் திட்டுவது? வாய் நீளம் என்றேனே, அன்றைக்கு அந்த வாய்க்கு ஆள் கிடைக்கவில்லை. வீடியோ எடுத்தவனையா? அவன் நல்ல காட்சி என்று எடுத்தான். பிள்ளையை உட்கார வைத்த அம்மாளையா? அவளும் ஒரு தாய்தான். மீன் சட்டியைத் தரையில் போட்டு உடைத்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அந்த வாரமே தம்பி கூப்பிட்டான். வீடியோ பார்த்தோம் என்று நான் சொல்லவில்லை. அவனாகவே சொன்னான், உற்சாகமாகச் சொல்லப் பார்த்தான்.

"அக்கா, இப்ப எனக்கு வெயில்ல நிக்கிற வேல இல்ல. ஒக்காந்த வேலதான். அன்னைக்கு நான் ஒக்காந்திருந்தது மேனேஜருக்குப் புடிச்சுப்போச்சு. இப்ப ஒவ்வொரு ரயிலுக்கும் அதையே பண்ணச் சொல்றாங்க. புள்ளைங்க வந்து மடியில ஒக்காருதுங்க. காது குத்துற மாதிரி சும்மா தொட்டுக் காட்டணும். அவ்வளவுதான். நிம்மதியான வேல." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இன்னும் மூணு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்க்கா" என்றான்.

"தினமுமாடா?" என்றேன்.

"தினமும்தான்."

"அந்த மடியிலயா?"

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அந்த ஸ்பீக்கர் கூவியது. ரயில் வந்திருச்சுக்கா என்று வைத்துவிட்டான்.

அடுத்த நாள் என் மகள் வலது காதுத் தோட்டைக் கழற்றிச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டாள். மிரட்டினேன், கெஞ்சினேன். போட வரும்போதெல்லாம் கையால் காதைப் பொத்திக்கொண்டாள். துளை தூர்ந்துவிடுமே என்று ஓர் ஈர்க்குச்சியை ஒடித்து, எண்ணெய் தொட்டு, அவள் தூங்கும்போது செருகிவிடலாம் என்று உட்கார்ந்தேன். குச்சி இறங்கவில்லை. தடவிப் பார்த்தேன். சதை மூடிவிட்டிருந்தது.

அவள் விழித்துக்கொண்டாள்.

"விடும்மா. இத மாமா வந்தப்புறம் குத்திக்கிறேன். அப்ப மடியில யாரும் இருக்க மாட்டாங்கல்ல?"

மாட்டாங்க என்றேன்.